கணக்கு ஒப்படைப்பு

நாளை காலை பத்து மணிக்கு
வில்லா ப்ரூன்ஸிடம் சாவி வளையத்தைக் கொடுக்க வேண்டும்.
பதினொரு சாவிகள்.
ஒன்பதுக்குப் பூட்டு தெரியும்.
பத்தாவது பாய்லர் அறை. திறந்தபின்
காலால் ஓர் உதை வேண்டும்,
அது சங்க விதிகளில் இல்லை.
பதினொன்றாவது எதற்கென்று
எனக்கு முந்தையவளுக்கும் தெரியாது.

வாசல் நெற்றியில் மூன்று கிரேக்க எழுத்துகள்.
நடு எழுத்து போன ஆகஸ்ட் ஆலங்கட்டியில் சாய்ந்தது.
நெப்ராஸ்கா வானம் எறிந்ததை
நிமிர்த்தி வைக்க, ஏணி பிடிக்க,
ஆள் தேடியே என் பதவிக்காலம் போய்விட்டது.
"உன் நினைவுச்சின்னம் அதுதான்" என்கிறாள் கிரெட்சன்.

நாற்பத்து மூன்று பெண்கள்.
அக்டோபருக்குப் பிறகு நாற்பத்திரண்டு.
யாருக்கு வேர்க்கடலை ஆகாது,
யாருடைய அப்பா சனிக்கிழமை குடித்துவிட்டு அழைப்பார்,
யார் கதவைத் தட்டலாம்,
யார் கதவைத் தட்டாமல்
வெளியே தரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.
எல்லாவற்றையும் எழுதிக் கொடு என்கிறாள் வில்லா.
எழுத உட்கார்ந்தால்
தட்டு கழுவும் முறைப்பட்டியல் மட்டும் வருகிறது.

வெள்ளை உடுப்பும் மெழுகுவத்தியுமாய்
பதவியேற்ற இரவில்
ஏதோ பெரிதாய்ச் செய்யப்போகிறேன் என்றிருந்தேன்.
செய்தேன்.
சாக்கடைக் குழாய்க்காரரை இரண்டு முறை வரவழைத்தேன்.
ரத்ததான முகாமில்
தலைவியே முதலில் மயங்கி விழுந்தேன்.
ஜனவரிப் பனிப்புயலில் மூன்று நாள் மின்சாரமில்லை,
கூடத்தில் ஒரே கம்பளிக் குவியலாய்க் கிடந்தோம்,
யார் கால் யாருடையதென்று தெரியாமல்.
உடன்பிறவாமலே சகோதரி என்று
கையெழுத்துப் போட்டிருந்தோமே,
அந்தச் சொல்லின் சூடு அன்றுதான் தெரிந்தது.

அன்று மார்லா இல்லை.

அக்டோபர் பதினேழு, குறிப்பேட்டில்
கிரெட்சனின் உருண்டைக் கையெழுத்தில் ஒன்றரை வரி:
சந்தா பாக்கி. உறுப்பினர் நீக்கம்.
தீர்மானம் நிறைவேறியது.
நாலுக்கு நாலு என்பது அதில் இல்லை.
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியதும் இல்லை.
அறுநூற்று இருபது டாலர்.
ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால்
எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்றேன்.
என் குரல் என் குரலாகவே இருந்தது,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.
மரச்சுத்தி ஒரு தட்டு.
அதே வாரம், விருந்துக்கு
பலூன் வளைவு வைக்க எண்ணூறு கொடுத்தோம்.
அந்தக் காசோலையிலும் என் கையெழுத்து.

மார்ச்சில், கடையில்,
மற்ற வரிசைகள் நீண்டிருந்தன.
அவள் நின்ற கல்லாவுக்கே போகவேண்டியதாயிற்று.
ஹ்ருஷ்கா என்ற குடும்பப்பெயர் இல்லாமல்
பட்டையில் வெறும் மார்லா.
"பை வேணுமா?"
வேண்டும் என்றேன்.
தக்காளி டப்பாக்களை அடியில் வைத்தாள்.
முட்டைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள்.
ஒன்றில் விரிசல்.
பையனை அனுப்பி வேறு எடுத்துவரச் செய்தாள்.
அவ்வளவுதான்.
மன்னித்தாளா, வேலையைச் செய்தாளா என்று
வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.
வீடு வந்து பார்த்தால்
ஒரு முட்டைகூட உடையவில்லை.

நாளைய உரையில்
சேவை, பெருமை, பயணம் என்று எழுதியிருந்தேன்.
பயணத்தை அடித்துவிட்டேன்.
மாடிக்கும் பாய்லருக்கும் நடந்ததுதான்.
மார்லாவின் பெயரைச் சேர்த்தேன், எடுத்தேன்.
சொன்னால் கைதட்டுவார்கள்,
அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு
அவள் என்ன செய்வாள்?

வில்லாவுக்கு ஒரு துண்டுத் தாள்:
உதை, இடது பக்கம்.
நாலுக்கு நாலு வந்தால்
அன்றிரவே சுத்தியைத் தொடாதே.
முதலில் பலூன் கணக்கைப் பார்.

பதினொன்றாவது சாவியைக் கழற்றினேன்.
திரும்ப மாட்டிவிட்டேன்.

கீழே யாரோ தட்டுகளைக் கழுவாமல் போயிருக்கிறார்கள்.
இன்று என் முறை இல்லை.
சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குகிறேன்.